கோபுரம் மட்டும் எங்கள் மலையில்

போன ஆவணியில் பூண்டுலோயாவில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் ஒரே தோட்டத்தில் ஒரே குழாயடியில் குளித்து வளர்ந்தவர்கள். இப்போது ஒருவர் கொழும்பில் துணிக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் ஆசிரியர், ஒருவர் கட்டார் போய்த் திரும்பியவர். பேச்சுக்கு நடுவே யாரோ ஒரு மெட்டை மூக்கால் முனகினார். அடுத்த நிமிடம் எல்லோரும் சேர்ந்துகொண்டோம். தலை நரைத்த ஐந்து பேர் கல்யாண வீட்டில் கார்ட்டூன் பாட்டுப் பாடியதைப் பார்த்துப் பெண் வீட்டார் என்ன நினைத்தார்களோ.

பாட்டு 'தொஸ்தர ஹொந்த ஹித' என்ற தொடருடையது. நல்ல மனசு டாக்டர் என்று சொல்லலாம். விலங்குகளின் பாஷை தெரிந்த வைத்தியரின் கதை. பக்கத்தில் நின்ற என் மகள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அப்பா, இது சிங்களப் பாட்டுத்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ உங்க காலத்துல தமிழ்ல ஒண்ணுமே வரலையா?"

வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பெயர் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஆசிரியர் நண்பரைப் பார்த்தேன். அவர் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

பழைய சிறுவர் நிகழ்ச்சிகளை நினைத்து உருகுவது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. சென்னை நண்பர்கள் தூரதர்ஷனின் 'கண்மணிப் பூங்கா'வைச் சொல்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போன சொந்தக்காரப் பிள்ளைகள் அங்கே வளர்ந்தவர்களோடு 'செசமி ஸ்ட்ரீட்' பேசுகிறார்கள். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கும் அந்த உருக்கம் உண்டு. எங்களுடையது கொஞ்சம் கோணல். நாங்கள் உருகுவது இன்னொரு மொழியில்.

நாங்கள் பார்த்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐ.டி.என். மூலம் கொழும்புப் பக்கம் தொடங்கியது. நாடு முழுவதற்குமான ரூபவாஹினி ஜப்பான் அரசின் உதவியோடு 1982 பெப்ரவரி 15 அன்று வந்தது. நாடு முழுவதும் அலை பரவ வேண்டுமானால் உயரமான இடம் வேண்டும். நாட்டிலேயே உயரமான இடம் நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பீதுருதாலகால மலை, 2,524 மீற்றர். ஒளிபரப்புக் கோபுரம் அங்கே ஏறியது. தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம்; எங்கள் மேட்டு லயத்துப் பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் கையைக் காட்டி, "படமெல்லாம் அங்கருந்துதான் வருதாம்" என்பார். ஏதோ குளத்துக்கு மதகு திறந்துவிடுகிறார்கள் என்பது போல.

அதே வருடங்களில் எங்களுக்குக் கீழே கொத்மலை ஓயாவை மறித்து அணை எழும்பிக்கொண்டிருந்தது. மகாவலித் திட்டம், சுவீடன் பணம். 87 மீற்றர் உயர அணை. 201 மெகாவாட் மின்சாரத்துக்கான நிலையம் 1985இல் இயங்கத் தொடங்கியது. வயல்களும் வீடுகளும் விகாரைகளும் தண்ணீருக்குள் போவதைப் பாடசாலை மேட்டிலிருந்து பார்த்திருக்கிறோம். பிறகு கம்பிகள் வந்தன. எங்கள் கொழுந்து மலைகளுக்கு மேலாக, பெரிய இரும்புத் தூண்களில் தொங்கிக்கொண்டு, வேறெங்கோ போயின. பனி இறங்கும் மாலைகளில் அந்தக் கம்பி 'ங்ங்' என்று முனகும். அதன் கீழே லயத்தில் குப்பி விளக்கு.

ஒளிபரப்புக் கோபுரம் ஒரு பக்கம், மின்சாரம் பிறக்கும் அணை மறு பக்கம், நடுவே இருட்டில் நாங்கள். கதையாக எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். எங்களுக்கு அது முகவரி.

எனவே பெட்டரி. லொறி பெட்டரி, பன்னிரண்டு வோல்ட். தோட்டத்துக்குக் கீழே, சிங்களக் கிராமம் இருக்கும் நாட்டுப் பக்கம், ஒரு சிங்கள முதலாளியின் கடை இருந்தது. அவரிடம்தான் எங்கள் சுற்றுவட்டாரத்தின் முதல் டிவி, சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. பெட்டரி இறங்கிவிட்டால் பூண்டுலோயா பஜாருக்குத் தூக்கிப் போய்ச் சார்ஜ் செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்கிற பையனுக்கு முன்வரிசைச் சாக்கில் இடம் என்பது எழுதாத சட்டம். சும்மாடு கூட்டித் தலையில் வைத்து நானும் தூக்கியிருக்கிறேன். ஒருமுறை பள்ளிக்கூடச் சட்டையோடு தூக்கினேன். வீட்டுக்கு வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. அம்மா துவைத்து உதறியபோது தோள்பட்டையில் சல்லடை மாதிரி பத்துப் பதினைந்து ஓட்டை. பெட்டரித் திராவகம். அந்தச் சட்டையைத்தான் வருடம் முழுவதும் போட்டேன்.

கோபுரம் பக்கத்தில் இருந்தால் படம் தெளிவாக விழும் என்று நினைப்பீர்கள். தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் போவது. மலை மறித்தால் தாண்டி வளையத் தெரியாது. கொத்மலைப் பள்ளத்தாக்கோ மடிப்புக்குள் மடிப்பு. முதலாளி அன்டனாவைக் கடையின் கூரையில் வைக்கவில்லை. மேலே எங்கள் தேயிலை எல்லையில் ஒரு மூங்கிலில் கட்டி, அங்கிருந்து பட்டை வயரை மரத்துக்கு மரம் இழுத்து வந்திருந்தார். காற்றடித்தால் ஒரு பையன் மேலே ஓட வேண்டும். கடை வாசலில் ஒருவன், வழியில் ஒருவன், மூங்கிலடியில் ஒருவன் என்று ஆள் நின்று "வருது, வருது, ஐயோ போச்சு" என்று கத்திக் கத்தித் திருப்புவோம்.

திருப்பினாலும் ஒரு கோளாறு தீராது. நேராக வரும் அலையோடு எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலையும் கொஞ்சம் பிந்தி வந்து சேரும். திரையில் ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு உருவம் நிற்கும். எங்கள் டாக்டர் எப்போதும் இரண்டு பேர். அவருடைய நாய், கிளி, எல்லாம் இரட்டை. கொழும்பில் ஒரு வீட்டில் முதன்முதலாகத் தனி ஆளாக அவரைப் பார்த்தபோது ஏதோ குறைவது போல இருந்தது.

பெட்டரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கும். விளிம்பில் கறுப்பு ஏறி, கடைசியில் ஒரு தபாலட்டை அளவுக்கு வந்துவிடும். முதலாளி அப்போது எழுந்து நிறுத்துவார். இரவுச் செய்திக்கு வேண்டும், தமிழ்ப் படம் போடுகிற நாளுக்கு வேண்டும். பெரியவர்கள் ஒரு மனதாக ஒத்துக்கொள்வார்கள். சிக்கனம் என்று வந்தால் முதலில் வெட்டுப்படுவது சிறுவர் நிகழ்ச்சி. பெரிய அமைச்சுகளும் அந்தக் கடை வாசல் வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றன என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நாட்டுப் பக்கம் இறங்குவது அப்பாவுக்குப் பிடிக்காது. பொழுது சாய்ந்தால் லயத்தை விட்டு வெளியே போகாதே என்பார். நாங்கள் போனோம். முதலாளி வீட்டு அக்கா வாசலில் நின்று "எண்ட புத்தா" என்று கூப்பிடுவார். சாக்கில் அவருடைய மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அவன் சிரித்த இடத்தில் முதலில் பார்த்துச் சிரித்தோம், பிறகு புரிந்து சிரித்தோம். எத்தனை மாதத்தில் அந்த மாற்றம் நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் தோட்டப் பாடசாலையில் சிங்களம் சொல்லித்தர ஆள் கிடையாது. நான் சிங்களம் படித்தது ஒரு கார்ட்டூன் டாக்டரிடம்.

யுத்த காலத்தில் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தி விசாரித்தார்கள். நான் பதில் சொன்னேன். சீருடைக்காரர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உனக்கு இந்தச் சிங்களம் யார் சொல்லிக் கொடுத்தது, டிவியில பேசுற மாதிரிப் பேசுறியே" என்று சிரித்தார். உண்மையைச் சொன்னேன். அவரும் அதே டாக்டரோடு வளர்ந்தவர். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த டாக்டருக்குச் சிங்கள நாக்கு கொடுத்தவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ'வுக்குப் படத்தொகுப்புச் செய்தவர், 1979இல் 'ஹந்தயா' என்ற சிறுவர் படத்தை எடுத்தவர். பிறகு ரூபவாஹினியின் குரல்மாற்றப் பிரிவில் உட்கார்ந்து ஒரு தலைமுறையின் மாலைப் பொழுதுகளை ஆண்டவர். 2011இல் காலமானார். டாக்டர் டூலிட்டில் ஹியூ லொஃப்டிங் என்ற ஆங்கிலேயர் முதல் உலகப் போரின் பதுங்குகுழியிலிருந்து தன் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களில் பிறந்த பாத்திரம். அமெரிக்காவில் கார்ட்டூன் ஆனது. தொட்டவத்த கையில் வந்ததும் அந்த ஆள் கண்டிக்கும் குருநாகலுக்கும் நடுவில் எங்கோ பிறந்த வைத்தியர் மாதிரி ஆகிவிட்டார். வசனத்தை வரிக்கு வரி மாற்றுகிற வேலையை அவர் செய்யவில்லை. கிராமத்துக் கிண்டல், பழமொழி, பாட்டு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தார். 'பக்ஸ் பன்னி' என்ற முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனதும் அப்படித்தான். சிங்களப் பிள்ளைகளில் பலருக்கு இவை வெளிநாட்டுச் சரக்கு என்பதே வளர்ந்த பிறகுதான் தெரியும்.

இதில் கல்வி எங்கே என்று கேட்கலாம். ஒரு குழந்தைக்கு மொழியைக் கொடுப்பதைவிடப் பெரிய கல்வி நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் கணக்கில் தொட்டவத்த தன் மக்களின் பிள்ளைகளுக்குச் செய்தது பெரிய காரியம். எங்களுக்கும் செய்துவிட்டார், தெரியாமலேயே.

இன்னும் வேடிக்கையானது 'மால்குடி டேஸ்'. சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதியது. சங்கர் நாக் கர்நாடகத்து அகும்பேயில் எடுத்தது. 1980களின் நடுவில் தூரதர்ஷனில் வந்தது. அது கடல் தாண்டி ரூபவாஹினிக்கு வந்தபோது சிங்களம் பேசியது. கதையில் வரும் பாட்டி எங்கள் அப்பாயி மாதிரி, சாமிநாதன் என்ற பையன் என்னை மாதிரி, கணக்கு வாத்தியார் எங்கள் கணக்கு வாத்தியார் மாதிரியே பிரம்போடு. ஆனால் பேசுவதெல்லாம் முதலாளி மகன் மாதிரி. சாக்கில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள், தமிழ்ப் பையன் ஒருவனின் கதையைச் சிங்களத்தில் புரிந்துகொண்டோம்.

'ஒஷின்' பற்றியும் சொல்ல வேண்டும். சிறுவர் தொடர் இல்லை, பெரியவர்களுக்காக ஜப்பானின் என்.எச்.கே. 1983இல் தொடங்கியது. அதுவும் சிங்களத்தில் வந்தது. ஏழு வயதுப் பெண் பிள்ளையை ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பி விடுகிறார்கள், பனிக்குள் நடக்கிறாள். கடையில் அன்று கூட்டம் தாங்காது. மொழி தெரியாத எங்கள் அம்மாக்கள் கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. கொழும்பு பங்களாக்களுக்கு அனுப்பப்பட்ட பெண் பிள்ளைகள் இல்லாத லயம் அன்று எது?

சரி, தமிழில்?

ஒன்றுமே இல்லை என்று எழுதினால் அது பொய். வானொலியில் இருந்தது. இலங்கை வானொலியின் 'சிறுவர் மலர்' பல நல்ல ஒலிபரப்பாளர்களுக்கு நாற்றங்கால். டிரான்சிஸ்டர் லயத்துக்கு லயம் இருந்தது, நாலு டோர்ச் பெட்டரி போதும், அன்டனாவுக்கு ஆள் ஓட வேண்டாம். என் மூத்த அக்காவுக்கு ஏக்கம் வந்தால் வானொலி மாமாக்களின் குரல்தான் வரும். ரூபவாஹினியிலும் தமிழில் சிறுவர் நிகழ்ச்சி வந்தது. கலையகத்தில் பிளாஸ்டிக் பூச்செடி, அழகாக உடுத்திய கொழும்புப் பாடசாலைப் பிள்ளைகள், கைகட்டி நின்று பாடுவார்கள். அறிவிப்பாளர் அக்கா "செல்லங்களே" என்பார். அவர் பேசியது வானொலித் தமிழ், எங்கள் வாய்க்குள் நுழையாத தமிழ். எங்களில் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "இவங்க யாரு வீட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. சிங்கள டாக்டரைப் பார்த்து அவன் அப்படிக் கேட்டதில்லை.

பாடசாலைக்கான பாட நிகழ்ச்சிகள் தனி. அவை பகலில் வந்தன. பகலில் பெட்டரி மிச்சம் பிடிக்கப்படும், பிள்ளைகள் பாடசாலையில் இருப்பார்கள், பாடசாலையில் கரண்ட் இருக்காது. பெயர் வேண்டாம், எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு உதவித் திட்டம் ஒன்றில் டிவி பெட்டி வந்து இறங்கியது. ஊர்வலம் போல எடுத்து வந்தோம். கரண்ட் வர இன்னும் வருடங்கள் இருந்தன. அதிபர் அதை அலுவலக அறையில் வைத்து, கொக்கிப் பின்னல் விரிப்புப் போட்டு, மேலே ஒரு பூச்சாடியும் வைத்தார். பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் அமரும் நாற்காலிக்குப் பின்னால் அது தெரியும்படி படம் எடுப்பார்கள். நான் அந்தப் பாடசாலையை விட்டுப் போகும்வரை அதன் கண்ணாடியில் என் முகத்தைத் தவிர வேறு படம் பார்த்ததில்லை.

வசதி இல்லாத இடத்துக்குக் கல்வித் தொலைக்காட்சியைக் கொண்டுபோக முடியாதா என்ன? அதற்கு முன்பே அண்டை நாட்டில் செய்து காட்டியிருந்தார்கள். 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருடம், நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி இந்தியா ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சி அனுப்பியது. காலையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கு. கரண்ட் இல்லாத கிராமங்களில் பெட்டரியில் ஓடியது. அந்த ஒளிபரப்பு இலங்கையிலும் ஒரு வீட்டில் தெரிந்தது. கொழும்பில் இருந்த ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் இஸ்ரோ பொறியாளர்கள் வந்து பெரிய தட்டு அன்டனா ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார்கள். ஒரிசாவுக்கும் பீகாருக்கும் போன பாடத்தை, இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத நாளில், ஒருவர் கொழும்பில் உட்கார்ந்து பார்த்தார். தொழில்நுட்பம் அவ்வளவு அருகில் இருந்தது.

வங்காளதேசத்து உதாரணம் எனக்கு இன்னும் பிடிக்கும். அங்கே 2005இல் 'செசமி ஸ்ட்ரீட்'டின் வங்காளி வடிவமாக 'சிசிம்பூர்' தொடங்கியது. ஹாலும் என்ற புலியும் டுக்டுகி என்ற பெண் பிள்ளையும் ஆலமரத்தடியில் கதை பேசுவார்கள். டிவி இல்லாத ஊர்களுக்கு ரிக்ஷா வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார்கள். ரிக்ஷா போகும் ஊரில் ரிக்ஷா. எங்கள் ஊரில் கொழுந்து லொறி. தோட்டத்தின் எந்த டிவிஷனுக்கும் தினமும் போய் வருகிற வாகனம் அது. அதில் ஒரு பெட்டியை ஏற்றி, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

'செசமி ஸ்ட்ரீட்' 1969இல் தொடங்கியபோது அதை உருவாக்கியவர்கள் அரண்மனையோ பூந்தோட்டமோ கட்டவில்லை. நியூயோர்க்கின் ஏழைப் பிள்ளைகள் குடியிருக்கும் மாதிரி ஒரு தெருவைக் கட்டினார்கள். வாசற்படி, குப்பைத் தொட்டி, மூலைக்கடை. பிள்ளை டிவியைப் போட்டதும் தன் தெருவைப் பார்க்க வேண்டும், எழுத்தும் எண்ணும் அந்தத் தெருவில் கிடக்க வேண்டும் என்பது யோசனை. மற்றது எல்லாம், பொம்மை, பாட்டு, அதற்குப் பிறகு. இந்த ஒரு யோசனைதான் எங்களுக்கு வந்து சேரவில்லை.

இலங்கையின் திரையில் மலையகம் காட்டப்படாமல் இல்லை, நிறையக் காட்டப்பட்டது. பச்சை மலை, பனி, கூடை சுமந்து சிரிக்கும் பெண். சுதந்திர தினத்துக்கும் சுற்றுலாவுக்கும் அந்தப் படம் வரும். அதில் அந்தப் பெண்ணுக்குப் பேச்சு இருக்காது, அவளுடைய பிள்ளை இருக்கவே இருக்காது. பிள்ளை அப்போது பிள்ளைக் காம்பராவில் தொட்டிலில் கிடக்கும், அல்லது ஆறு வயதானால் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நிற்கும். ஒரு லயம், ஒரு இஸ்தோப்பு, ஒரு குழாயடி, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம், தேயிலை ஸ்டோர் சங்கு இவ்வளவையும் வைத்து ஒரு சிறுவர் தொடர் எடுக்கலாம். இருபது குடும்பம் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இடத்தில் கதைக்குப் பஞ்சமா? கூட்டல் கழித்தல் சொல்லித்தரக் கொழுந்து நிறுக்கும் தராசு இருக்கிறது. எத்தனை கிலோ, கூடைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், ஏன் கழிக்கிறார்கள் என்று ஒரு பொம்மை கேட்டாலே போதும், அந்தத் தொடர் தோட்டம் முழுக்கப் பிரபலமாகிவிடும். நிறுத்தியும் விடுவார்கள்.

கொத்மலைக்கு வேறொரு பெருமையும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 1980களின் கடைசியில் மகாவலித் திட்டத்தின் பகுதியாக இங்கே சமூக வானொலி தொடங்கியது. நிலையம் மாவத்துரையில். பத்து வருடம் கழித்து யுனெஸ்கோ அதில் இணையத்தைப் பூட்டியது. நேயர் ஒரு கேள்வி எழுதி அனுப்புவார். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, வைத்தியரையோ சட்டத்தரணியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பதிலை ஒலிபரப்பில் விளக்குவார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்களுக்கு இணைய வசதி செய்தார்கள். வீட்டில் தொலைபேசியே இல்லாத பிள்ளைக்கு உலகத்திடம் கேள்வி கேட்க வழி. வளரும் நாடுகளின் ஊடகப் பாடங்களில் 'கொத்மலை' என்ற பெயர் இன்றும் வருகிறது. நான் பார்த்த கல்வி ஒலிபரப்புகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான் என்பேன், ஏனென்றால் இதில் கேள்வி பிள்ளையுடையது. ஆனால் நிலையத்தின் பேச்சு பெரும்பாலும் சிங்களம். அலை எங்கள் லயத்துக்கு வந்தது, நாங்கள் அலைக்குள் போகவில்லை. மேலே தேயிலை, கீழே வயல் என்று பிரிந்து கிடக்கும் ஊரில் இரு மொழியிலும் பிள்ளைகளைக் கேட்க வைக்க அதைவிட நல்ல வாய்ப்பு இனி எப்போது வரும்?

பிறகு 2020. பாடசாலைகளை மூடினார்கள். ஏப்ரலில் கல்வி அமைச்சு சிங்களத்தில் 'குரு கெதர', தமிழில் 'குருகுலம்' என்று தொடங்கியது. நேத்ரா அலைவரிசையில் தமிழ்ப் பாடங்கள் போயின. அவசரத்தில் செய்ததற்குக் குறை சொல்லக்கூடாது, அந்த ஆசிரியர்கள் உழைத்தார்கள். ஆனால் எடுத்தது கரும்பலகையை. ஒரு ஆசிரியர் நின்று, எழுதி, திரும்பி, விளக்குவார். நாற்பது வருடத் தொலைக்காட்சி அனுபவம் உள்ள நாட்டில் ஒரு தொற்றுநோய் வந்தபோது எடுத்து ஓட்டுவதற்குத் தமிழில் ஒரு நல்ல பழைய சிறுவர் கல்வித் தொடர் களஞ்சியத்தில் இருக்கவில்லை, அல்லது இருந்ததை யாரும் தேடவில்லை. சிக்னல் கிடைக்காத பிள்ளைகள் மலையேறினார்கள். ஊவாவில் போஹிடியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் காட்டுப் பாதையில் நடந்து பாறை உச்சியில் உட்கார்ந்து படித்த செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை போனது. படத்தைப் பார்த்தபோது மூங்கிலடியில் நின்று அன்டனா திருப்பியது நினைவுக்கு வந்தது.

இப்போது லயத்துக் கூரைகளில் தட்டு அன்டனாக்கள் மல்லாந்து கிடக்கின்றன. 2007இல் சுட்டி டிவி வந்தபிறகு எங்கள் பிள்ளைகளுக்கும் தமிழில் கார்ட்டூன் கிடைத்துவிட்டது. 'டோராவின் பயணங்கள்' பார்த்து என் மகள் ஒரு மூன்று வருடம் வரைபடத்தோடு அலைந்தாள். இப்போதைய வாண்டுகளுக்குக் கைப்பேசி. கைப்பேசியைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை. ஐந்து வயதில் பெட்டரி தூக்கப் போகாமல் படம் பார்க்கிற பிள்ளையைப் பார்த்துப் பொறாமைதான் வருகிறது. ஆனால் அந்தத் தமிழ் சென்னையிலிருந்து வருகிறது. அதில் ரயில் எழும்பூருக்குப் போகும், நாவலப்பிட்டிக்குப் போகாது. அண்ணன் மகன் காம்பராவை 'ரூம்' என்கிறான். இஸ்தோப்பு என்றால் என்ன என்று கேட்கிறான், இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டே. சிங்களத்தில் வளர்ந்த எங்களுக்கும் சென்னைத் தமிழில் வளரும் இவனுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. இரண்டு தலைமுறையும் திரையில் தன் வீட்டைப் பார்த்ததில்லை.

இனியும் நேரம் போய்விடவில்லை. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே பயின்ற ஆயிரக்கணக்கான மலையக ஆசிரியர்களுக்குப் பாட்டும் கூத்தும் பொம்மையும் தெரியும். நேத்ராவும் வசந்தமும் அரசுக்குச் சொந்தமான தமிழ் அலைவரிசைகள். வாரத்துக்கு அரை மணி நேரம், ஒரு லயத்து வாசல், நாலு பொம்மை என்று தொடங்கினால் போதும். சிங்களத்திலும் அதையே குரல் மாற்றிப் போட்டால் கீழே கடையில் இருக்கும் முதலாளியின் பேரனும் பார்ப்பான். நாங்கள் அவர்கள் டாக்டரைப் பார்த்த கடனை அப்படித் தீர்க்கலாம்.

இன்னொரு வேலையும் உண்டு, இதற்கு வயதாகிவிட்டது, அவசரம். ரூபவாஹினியும் வானொலியும் தமிழில் செய்த பழைய சிறுவர், பாடசாலை நிகழ்ச்சிகளில் எவை மிஞ்சியிருக்கின்றன என்று பட்டியலிட்டு, மிஞ்சியதைக் கணினிக்கு மாற்ற வேண்டும். காந்த நாடா சாகாது என்று நினைக்க வேண்டாம். பி.பி.சி.யே 1970களின் பிற்பகுதி வரை நாடாக்களை அழித்து மேலே வேறு நிகழ்ச்சி பதிந்தது. 'டொக்டர் ஹூ' தொடரின் தொலைந்த பகுதிகளை இன்றும் தேடுகிறார்கள், சில பகுதிகள் தனியார் வீடுகளிலும் வெளிநாட்டு நிலையங்களிலும் கிடைத்தன. நமக்கும் அந்த வழிதான் மிச்சம். கல்யாண வீட்டில் பாடிய ஐவரில் கட்டார் போன நண்பர் அங்கிருந்து விஎச்எஸ் டெக் கொண்டு வந்தவர், தொண்ணூறுகளில் டிவியிலிருந்து எதையெல்லாமோ பதிந்தவர். போய்ப் பார்த்தோம். அலுமாரிக்கு மேலே ஒரு பெட்டி கசெட். நம் மலை ஈரத்துக்குப் பாதிக்கு மேல் வெள்ளைப் பூஞ்சணம். ஒன்றின் முதுகில் பென்சிலால் 'சிறுவர்' என்று எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தோம். யாரோ ஒருத்தியின் சாமத்தியச் சடங்கு, மேலே பதிந்திருந்தார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். இறக்கி, துடைத்து, காய்ந்த இடத்தில் வையுங்கள். வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம். தமிழில் ஒரு சிறுவர் நிகழ்ச்சி அதில் ஐந்து நிமிடம் இருந்தாலும் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். என் மகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.